பேட்டரிக்கு மருந்து ஊற்றினால் தகட்டில் என்ன நடக்கும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் வகை. வாங்கி மூன்று வருடம் ஆகிறது. முன்பு நான்கு மணி நேரம் தாங்கியது, இப்போது இரண்டரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. ஒருவர் இ.டி.டி.ஏ பொடி போடச் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் எப்சம் உப்பு என்கிறார், மூன்றாமவர் பாஸ்போரிக் அமிலம் என்கிறார். இவை எலக்ட்ரோடு வினையை, அதாவது தகட்டில் நடக்கும் வினையை, எப்படி மாற்றுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "தயாரிப்பவர்களே உள்ளே ஏதேதோ சேர்க்கிறார்கள், நாம் சேர்த்தால் மட்டும் ஏன் கூடாது?" உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொன்னால் மற்றவை அதற்குள் அடங்கிவிடும்.

தகடு தயாரிக்கும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். தகட்டில் பூசும் பசையைக் கலப்பது, சோதனை செல் கட்டுவது, செத்த பேட்டரியை அறுத்து உள்ளே பார்ப்பது எல்லாம் என் அன்றாட வேலை. அதனால் தகட்டைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். ஆனால் உங்கள் பேட்டரியை அளந்து பார்க்காமல் அதற்கு என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. எதை அளக்க வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

அடிப்படையிலிருந்து வருவோம். டிஸ்சார்ஜ் ஆகும்போது நெகட்டிவ் தகட்டில் பஞ்சுபோல இருக்கும் ஈயம் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகிறது, பக்கத்தில் இருக்கும் சல்ஃபேட்டோடு சேர்ந்து ஈய சல்ஃபேட்டாகப் படிகிறது. பாசிட்டிவ் தகட்டில் ஈய டை ஆக்சைடு இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு அதே ஈய சல்ஃபேட்டாகிறது, கூடவே தண்ணீரும் உண்டாகிறது. இரண்டு தகட்டிலும் சல்ஃபேட்தான் உண்டாகிறது என்று வேதியியலாளர்கள் கிளாட்ஸ்டனும் டிரைபும் 1882-ல் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது. நெகட்டிவின் நியம மின்னழுத்தம் மைனஸ் 0.356 வோல்ட், பாசிட்டிவின் நியம மின்னழுத்தம் 1.685 வோல்ட். இரண்டுக்கும் இடையே சுமார் 2.04 வோல்ட். இது ஒரு செல்லின் கணக்கு, உங்கள் 12 வோல்ட் பேட்டரியில் இப்படி ஆறு செல்கள். எந்தப் பொடியைப் போட்டாலும் இந்த எண்கள் அசையாது, ஏனென்றால் அவை ஈயம், ஈய டை ஆக்சைடு, கந்தக அமிலம் ஆகியவற்றின் இயல்பு. சேர்க்கைப் பொருள் தொடுவது வேறு இடத்தை. சல்ஃபேட் படிகம் எங்கே முளைக்கிறது, எவ்வளவு பெரிதாகிறது, சார்ஜின்போது எவ்வளவு வேகமாகக் கரைகிறது, பக்கவினையாக எவ்வளவு வாயு வருகிறது என்பவைதான் அதன் கைக்குள் இருப்பவை.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. திடமான ஈயம் அப்படியே திடமான சல்ஃபேட்டாக மாறிவிடுவதில்லை. முதலில் அயனியாகக் கரைகிறது, பிறகு படிகிறது. சார்ஜ் செய்யும்போதும் அதே வழிதான், தலைகீழாக: சல்ஃபேட் கரைய வேண்டும், கரைந்த அயனிதான் மறுபடி ஈயமாகும். பேட்டரி அமிலத்தில் ஈய சல்ஃபேட் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் கரையும். அவ்வளவு மின்சாரமும் இந்த ஊசிக்காதில் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். படிகம் பொடியாக இருந்தால் மேற்பரப்பு அதிகம், கரைவது வேகமாக நடக்கும். பெரிதாகவும் கெட்டியாகவும் இருந்தால் சார்ஜர் கொடுக்கும் மின்சாரம் சல்ஃபேட்டைத் தொடாமல் தண்ணீரைப் பிளப்பதில் போய்விடும். பேட்டரியை டிஸ்சார்ஜான நிலையிலேயே விட்டுவைத்தால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின் மேல் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. "சல்ஃபேஷன்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இன்னொன்றும் இருக்கிறது. ஈயம் சல்ஃபேட்டானால் அதன் கனஅளவு 2.6 மடங்காகிறது, ஈய டை ஆக்சைடு சல்ஃபேட்டானால் ஏறக்குறைய 1.9 மடங்காகிறது. மின்சாரம் கடத்தாத ஒரு பொருள் இப்படி உப்பிக்கொண்டு ஈயத்தின் மேல் போர்வைபோலப் படர்ந்தால், அடியில் நல்ல ஈயம் எவ்வளவு இருந்தாலும் அமிலம் அதைத் தொட முடியாது.

இந்தப் போர்வையைத் தடுக்கத்தான் தயாரிப்பவர்கள் நெகட்டிவ் பசையில் எக்ஸ்பாண்டர் என்ற கலவையைச் சேர்க்கிறார்கள். அதில் மூன்று பொருள்கள்: பேரியம் சல்ஃபேட், லிக்னோசல்ஃபோனேட், கரித்தூள். எல்லாம் சேர்ந்து பசையின் எடையில் ஒரு சதவீதம், ஒன்றரைச் சதவீதம் அளவுதான் வரும். லிக்னின் இதற்குள் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய காலத்தில் தகடுகளுக்கு இடையே மரப்பட்டை மாதிரி மெல்லிய மரத் தகடுகளைப் பிரிப்பானாக வைத்தார்கள். பிறகு ரப்பர் பிரிப்பான் வந்தது. அமிலத்தில் அது மரத்தைவிட நன்றாகத் தாங்கியது, ஆனால் குளிரில் பேட்டரியின் திறன் மட்டும் விழுந்துவிட்டது. காரணத்தைத் தேடியபோதுதான், மரத்திலிருந்து அமிலத்துக்குள் மெல்லக் கசிந்துகொண்டிருந்த லிக்னின் அத்தனை காலமும் நெகட்டிவ் தகட்டைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று தெரிந்தது. அன்றுமுதல் அதைத் தெரிந்தே பசையில் சேர்க்கத் தொடங்கினார்கள்.

மூன்றும் மூன்று விதமாக வேலை செய்கின்றன. பேரியம் சல்ஃபேட்டின் படிக அமைப்பு ஈய சல்ஃபேட்டின் அமைப்பைப் போன்றதே. அமிலத்திலும் கரையாது. அதனால் ஈய சல்ஃபேட் படியும்போது ஆயிரக்கணக்கான இடங்களில் விதைபோல நின்று, "இங்கே வந்து படி" என்று இடம் கொடுக்கிறது. ஈயத்தின் மேல் ஒரே போர்வையாகப் படராமல் எங்கும் பொடிப்படிகமாக உட்காருகிறது. லிக்னோசல்ஃபோனேட் ஈயத்தின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொள்கிறது. சல்ஃபேட் ஈயத்தை இறுக்கமாக மூடாமலும், சார்ஜாகும்போது ஈயத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமலும் பார்த்துக்கொள்கிறது. வெறும் ஈயப் பஞ்சின் மேற்பரப்பு கிராமுக்கு சுமார் 0.2 சதுர மீட்டர் என்றால், லிக்னின் இருக்கும்போது சுமார் 0.8 வரை போகும். அதற்கு விலையும் உண்டு. லிக்னின் கூடினால் சார்ஜ் ஏறுவது மந்தமாகும். வெப்பத்திலும் அது மெல்ல மெல்லச் சிதைந்துபோகும். மூன்றாவதான கரித்தூளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எக்ஸ்பாண்டர் இல்லாவிட்டால் என்னவாகும் என்று ஒருமுறை நேரில் பார்க்க இரண்டு சோதனை செல்கள் கட்டினோம். ஒன்றில் முழுக் கலவை, மற்றதில் வெறும் ஈய ஆக்சைடு பசை. முதல் சில சுற்றுகளில் இரண்டும் ஒன்றுபோலவே ஓடின. அப்புறம் இரண்டாவது செல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, பாதிக்கும் கீழே போய்விட்டது. முழு சார்ஜில் வைத்து இரண்டையும் அறுத்தேன். நல்ல செல்லின் நெகட்டிவ் தகடு, நகத்தால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கியது, கீறிய கோடு பளிச்சென்று மின்னியது. கழுவி ஈரத்தில் வைக்காவிட்டால் காற்றுப் பட்டுக் கையிலேயே சூடாகிவிடும், அவ்வளவு துடிப்பான ஈயம் அது. மற்றதும் பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் நகம் இறங்கவே இல்லை. பஞ்சு போய்த் தகரம்போல ஆகியிருந்தது. ஈயம் எங்கேயும் போகவில்லை, சல்ஃபேஷனும் இல்லை. மேற்பரப்புதான் தொலைந்துவிட்டது. "பேட்டரி வலு குறைந்தால் சல்ஃபேட்தான் காரணம்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்தத் தகடுதான் என் நினைவுக்கு வரும். எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று மட்டும் பார்த்தால் இரண்டு நோயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும்.

உங்கள் கடைசி வரிக் கேள்விக்கு பதில் இங்கேதான் தொடங்குகிறது. நெகட்டிவ் தகட்டை வாழவைக்கும் அதே பேரியம் சல்ஃபேட் பாசிட்டிவ் பசையில் கலந்துவிட்டால், அந்தத் தகட்டின் பொருள் பிடிப்பை இழந்து சேறாக உதிர்கிறது. ஆலையில் நெகட்டிவ் பசை கலந்த இயந்திரத்தை நன்றாகக் கழுவாமல் பாசிட்டிவ் பசையைக் கலக்க விடமாட்டோம். சாதாரணக் கவனக்குறைவு ஒன்று ஒரு நாள் உற்பத்தியையே பாழாக்கிவிடும். எந்தத் தகட்டில், எந்த அளவில், எந்தக் கட்டத்தில் என்ற மூன்றும் சரியாக அமைந்தால்தான் அது மருந்து. மூடியைத் திறந்து ஊற்றும் பொருளோ இரண்டு தகட்டையும் சேர்த்தேதான் நனைக்கும். பாசிட்டிவ் தகடு பலமான ஆக்சிஜனேற்றி. கரிமப் பொருள் எது வந்தாலும் அதை மெல்ல எரித்துவிடும்.

அடுத்தது வாயு. தண்ணீரைப் பிளக்க 1.23 வோல்ட் போதும். நம் செல்லிலோ 2 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. கணக்குப்படி இந்த பேட்டரி அலமாரியில் இருக்கும்போதே தண்ணீரைப் பிளந்து தன்னைத் தானே காலியாக்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஆகாததற்குக் காரணம், தூய ஈயத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் வெளிவருவது மிகவும் மந்தமாக நடக்கிறது, அவ்வளவுதான். அந்த மந்தத்தை மிகச் சிறிய அளவு அந்நிய உலோகமே கெடுத்துவிடும். ஆன்டிமனி இதற்குச் சரியான உதாரணம். தூய ஈயம் மெத்தென்றிருப்பதால் பசையைத் தாங்கும் ஈயச் சட்டமான கிரிட்டை வார்க்க 1881-லிருந்தே ஆன்டிமனி சேர்த்தார்கள். பாசிட்டிவ் தகட்டின் பொருள் கிரிட்டை இறுகப் பிடித்துக்கொள்ளவும் அது உதவியது. ஆனால் பாசிட்டிவ் கிரிட் அரிக்க அரிக்க ஆன்டிமனி அமிலத்தில் கரைந்து, நெகட்டிவ் தகட்டில் போய்ப் படிகிறது. படிந்த இடத்தில் ஹைட்ரஜன் சுலபமாக வெளிவரும். பேட்டரி பழசாகப் பழசாக அதிகம் தண்ணீர் கேட்பது இதனால்தான். 1935-ல் பெல் ஆய்வகத்தின் ஹேரிங்கும் தாமஸும் கால்சியம் சேர்த்த கிரிட்டைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அடிக்கடி ஆழமாக டிஸ்சார்ஜ் செய்யும் பேட்டரிகளில் பாசிட்டிவ் தகடு சீக்கிரமே திறன் இழந்தது. ஆன்டிமனி ஓசையில்லாமல் செய்துகொண்டிருந்த வேலை அது போனபிறகுதான் தெரிந்தது. பிறகு தகரம் சேர்த்து அதைப் பெருமளவு சரிசெய்தார்கள். ஒரு பொருளின் நன்மையும் தீமையும் இப்படி ஒன்றோடொன்று பின்னியிருப்பதை இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

இரும்பும் அப்படித்தான். குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்று சொல்வதற்கு ஒரு காரணம் இரும்பு. அது பாசிட்டிவ் தகட்டில் எலக்ட்ரானை விட்டு மூவிணை அயனியாகும், நீந்திப் போய் நெகட்டிவ் தகட்டில் எலக்ட்ரானை வாங்கி ஈரிணை அயனியாகும், மறுபடி திரும்பி வரும். வெளியே ஒரு விளக்குகூட எரியாமல் இரண்டு தகடும் காலியாகிக்கொண்டே இருக்கும். குளோரைடு பாசிட்டிவ் பக்கத்தை அரிக்கும். கடையில் வாங்கும் எந்தப் பொடியிலும் இரும்பும் குளோரைடும் எவ்வளவு இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது. பேட்டரி அமிலத்தில் இவற்றுக்கு மிகக் கறாராக வரம்பு வைப்பார்கள்.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இன்று அதிகம் பேசப்படுவது அதுதான். சூரிய மின்சாரம், நின்று நின்று ஓடும் கார் போன்ற இடங்களில் பேட்டரி முழுதாகச் சார்ஜாகாமல் பாதி நிலையிலேயே வாழ்கிறது. அப்போது நெகட்டிவ் தகட்டின் மேற்பரப்பில் சல்ஃபேட் குவிகிறது. கரியைச் சில மடங்கு கூட்டினால் இது வெகுவாகக் குறைகிறது. இதில் சந்தேகமே இல்லை, பல ஆய்வகங்கள் உறுதிசெய்தாயிற்று. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உருவாக்கிய அல்ட்ராபேட்டரி இந்த எண்ணத்தை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோய், நெகட்டிவ் பக்கத்தில் கரி மின்தேக்கியையே சேர்த்துவிட்டது. ஆனால் கரி ஏன் உதவுகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மின்சாரத்தை மின்தேக்கிபோலத் தாங்கிக்கொள்கிறது என்பார் ஒரு சாரார். சல்ஃபேட் படிகங்களுக்கு நடுவே கடத்தும் வலை பின்னுகிறது என்பார் இன்னொரு சாரார். படிகம் பெரிதாக வளர இடம் விடாமல் குறுக்கே நிற்கிறது என்பவர்களும், கரியின் மேற்பரப்பிலேயே ஈயம் படிகிறது என்பவர்களும் உண்டு. கரியின் வகைக்கு ஏற்ப இவற்றில் ஒன்று தூக்கலாக இருக்கும் என்பது என் எண்ணம், ஆனால் இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று: கரி கூடினால் ஹைட்ரஜனும் கூடும், அதோடு கரி லிக்னினைத் தன்மேல் உறிஞ்சிவைத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றையும் திருத்தியாக வேண்டும்.

சரி, அமிலத்திலேயே கரைத்துச் சேர்க்கும் பொருள்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. சோடியம் சல்ஃபேட்டைத் தயாரிப்பவர்களே சிலவகை பேட்டரிகளில் ஒரு சதவீதம் அளவில் போடுகிறார்கள். பேட்டரி அடியோடு காலியாகும்போது அமிலம் கிட்டத்தட்டத் தண்ணீராகிவிடும். அப்போது ஈய சல்ஃபேட் வழக்கத்தைவிட அதிகம் கரையும், பிறகு சார்ஜ் செய்யும்போது அந்த ஈயம் பிரிப்பானுக்குள்ளேயே ஊசியாக வளர்ந்து இரண்டு தகட்டையும் இணைத்துவிடும். கூடுதல் சல்ஃபேட் அயனி அந்தக் கரைதலை அடக்குகிறது. இது காப்பீடு மாதிரி, இழந்த திறனைத் திருப்பித் தராது. பாஸ்போரிக் அமிலமும் பொய்யான பொருள் அல்ல. அமிலத்தைக் களிபோல உறையவைத்த ஜெல் பேட்டரிகளில் குறைந்த அளவில் அது வழக்கமாகவே உண்டு. பாசிட்டிவ் தகட்டில் உட்கார்ந்து, ஈய டை ஆக்சைடு உதிர்வதைக் குறைக்கிறது, அந்தப் பக்கம் பெரிய சல்ஃபேட் படிகம் வளர்வதையும் தடுக்கிறது. பதிலுக்கு ஆரம்பத் திறன் கொஞ்சம் குறையும், குளிரில் இன்னும் குறையும். உங்கள் மூன்று யோசனைகளில் வேதியியல் அடிப்படை பலமாக இருப்பது இதற்குத்தான். ஆனால் அது புதுத் தகடு புதிதாகவே இருக்க உதவும் பொருள். மூன்று வருடம் உழைத்த நெகட்டிவ் தகட்டின் சல்ஃபேட்டை அது தொடாது.

இ.டி.டி.ஏ விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். அதன் சோடிய உப்பை வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் காரம் சேர்த்து, ஈய சல்ஃபேட் வெள்ளைப் பொடியை அதில் போட்டால் சிறிது நேரத்தில் கரைசல் தெளிந்துவிடும். ஈய அயனியை நண்டுபோலக் கவ்விக்கொள்ளும் மூலக்கூறு அது. இந்தச் சோதனையைக் காட்டித்தான் நம்பவைப்பார்கள். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் அடுத்த படியையும் செய்துகாட்டுவேன். தெளிந்த அந்தக் கரைசலில் பேட்டரி அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் உடனே பால்போலக் கலங்கி, மறுபடி வெள்ளையாக அடியில் இறங்கிவிடும். இறங்குவது பழைய ஈய சல்ஃபேட்தான். சிறிது நேரத்தில் இ.டி.டி.ஏ-வும் அமில வடிவத்தில் கரையாத தூளாகப் பிரிந்து அதன்மேல் படியும். பலமான அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகளே அந்த நண்டின் கொடுக்குகளையெல்லாம் பிடித்துக்கொள்கின்றன, ஈயத்தைக் கவ்வ ஒன்றும் மிஞ்சுவதில்லை. பேட்டரிக்குள் இருப்பது அந்தப் பலமான அமிலம்தான்.

அமிலத்தை வடித்துவிட்டு, வெறும் இ.டி.டி.ஏ கரைசலை ஊற்றி அலசினால்? அப்போது கரையும், உண்மைதான். கணக்கைப் பார்ப்போம். ஒரு ஆம்பியர்-மணிக்கு ஒரு பக்கத் தகட்டில் உண்டாகும் ஈய சல்ஃபேட் 5.66 கிராம். உங்கள் நெகட்டிவ் பக்கத்தில் 50 ஆம்பியர்-மணிக்கு உரிய சல்ஃபேட் இறுகிக்கிடக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு செல்லிலும் சுமார் 283 கிராம். இ.டி.டி.ஏ மூலக்கூறு ஒன்றுக்கு ஈய அயனி ஒன்று என்ற கணக்கில்தான் பிடிக்கும். ஆகவே செல்லுக்கு சுமார் 350 கிராம் வேண்டும், ஆறு செல்லுக்கும் சேர்த்து 2 கிலோவுக்கு மேல். சொல்லப்படும் ஒரு கரண்டி, அதாவது 10 கிராம், முழுதாக வேலை செய்தாலும் 8 கிராம் சல்ஃபேட்டைத்தான் கரைக்கும், ஒன்றரை ஆம்பியர்-மணிகூட வராது. அதைவிட முக்கியமானது, கரைந்த ஈயம் கரைசலோடு வெளியே கொட்டப்படுகிறது. அந்த சல்ஃபேட் அழுக்கு அல்ல. அது உங்கள் தகட்டின் உயிர்ப்பொருள், மறுபடி ஈயமாக வேண்டியது. அதைக் கரைத்து ஊற்றிவிட்டால் பிறகு சார்ஜ் ஆவதற்கு அங்கே பொருள் இருக்காது. கொட்டிய நீரும் ஈய விஷம்.

எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்ஃபேட், ஈய சல்ஃபேட்டைக் கரைக்காது. சல்ஃபேட் அயனியைக் கூட்டினால் கரைதல் இன்னும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அது உறுதியாகச் செய்யும் ஒரே காரியம், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஏமாற்றுவது. உப்பு கரைந்தால் நீர் கனக்கும், மிதவை மேலே வரும், அமிலம் கூடிவிட்டதுபோலத் தோன்றும். அமெரிக்காவில் இதே போன்ற ஒரு பொடி பெரிய அரசியல் விவகாரமாகவே ஆனது. ஏடி-எக்ஸ்2 என்று விற்ற அந்தப் பொடியில் பெரும்பாலும் சோடியம் சல்ஃபேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும்தான். அந்நாட்டு அரசின் அளவீட்டு ஆய்வகமான தேசிய நியமக் கழகம் அதைச் சோதித்துப் பயனில்லை என்றது. வாங்கியவர்கள் பலரோ நல்ல பலன் தெரிகிறது என்று எழுதினார்கள். 1953-ல் வணிகத்துறைச் செயலர் சின்க்ளேர் வீக்ஸ், கழகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்ததால் ஆஸ்டின் பதவியில் நீடித்தார். தேசிய அறிவியல் அகாதெமி அமைத்த குழு அதே ஆண்டு கழகத்தின் சோதனைகள் சரியானவை என்றும், பொடியால் பயன் இல்லை என்றும் சொன்னது.

அந்தப் பயனாளர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பொடி போடுபவர் பெரும்பாலும் கூடவே நாலைந்து வேலைகளைச் செய்கிறார். முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார், குறைந்த தண்ணீரை நிரப்புகிறார், பொடியைக் கலக்க வேண்டும் என்று மெதுவாக நெடுநேரம் சார்ஜ் செய்கிறார். அந்த நீண்ட சார்ஜ்தான் உண்மையான மருந்து. சின்ன மின்னோட்டத்தில் படிகம் கரையும் வேகமும் மின்சாரம் கேட்கும் வேகமும் ஒத்துப்போகின்றன. கடைசியில் வரும் குமிழ்கள் அடியில் தேங்கிய கனமான அமிலத்தைக் கலக்கிவிடுகின்றன. பொடியைப் போடாமல் இதை மட்டும் செய்த இன்னொரு பேட்டரியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை பலன் யாருடையது என்று தெரியாது.

ஆகவே உங்கள் பேட்டரிக்கு நான் சொல்வது இது. முதலில் காய்ச்சி வடித்த நீரை அளவுக்கு நிரப்பி, முழு சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு, ஆறு செல்லிலும் அடர்த்தியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் கீழே இருந்தால் அந்தச் செல்லில் உள்ளிணைப்போ உதிர்வோ இருக்கலாம், எந்தப் பொடியும் அதைத் தீர்க்காது. ஓய்வில் இருக்கும் செல்லின் வோல்ட் ஏறக்குறைய அடர்த்தியோடு 0.84 கூட்டினால் வருவது. எல்லாச் செல்லிலும் 1.25 காட்டினால் பேட்டரி 12.54 வோல்ட் காட்ட வேண்டும். அடர்த்தி நன்றாக இருந்து வோல்ட் மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தால், யாரோ ஏற்கெனவே உள்ளே ஏதோ கரைத்திருக்கலாம் என்று நான் சந்தேகப்படுவேன். எல்லாச் செல்லும் ஒரே சீராக, உதாரணமாக 1.19 அளவில் நின்றால், அமிலம் சல்ஃபேட்டாகத் தகட்டில் அடைபட்டிருக்கிறது, மீட்க வாய்ப்பு உண்டு. அடர்த்தி குறைந்திருக்கிறதே என்று தயவுசெய்து புது அமிலம் ஊற்றாதீர்கள். மருந்து என்று தெரியாமலே பலர் செய்யும் மிக மோசமான சேர்க்கை அதுதான். அமிலம் கனமாக ஆக ஆக சல்ஃபேட் இன்னும் கரைய மறுக்கும், பாசிட்டிவ் கிரிட்டும் சீக்கிரம் அரிக்கும். பிற்பாடு சல்ஃபேட் கரைந்து அடைபட்ட அமிலம் வெளியே வரும்போது அடர்த்தி தாறுமாறாக ஏறிவிடும்.

மீட்பு சார்ஜுக்கு 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4, 5 ஆம்பியர் போதும். ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாள் விடுங்கள். தொட்டால் இளஞ்சூட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. காற்றில் நான்கு சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் அடர்த்தியைக் குறித்துவாருங்கள். ஏறிக்கொண்டே இருந்தால் சல்ஃபேட் கரைகிறது என்று அர்த்தம், விடாமல் தொடருங்கள். மூன்று அளவுகள் தொடர்ந்து ஒரே இடத்தில் நின்றால் கரையக்கூடியது கரைந்தாயிற்று. அப்போது ஒருமுறை டிஸ்சார்ஜ் செய்து நேரத்தைக் குறியுங்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் நல்ல பலன், இன்னும் ஒரு சுற்று செய்து பார்க்கலாம். அடர்த்தி நன்றாக ஏறியும் இரண்டரை மணி நேரத்திலேயே நின்றால், நான் அறுத்துப் பார்த்த அந்தத் தகரம் போன்ற தகடாகவோ, பாசிட்டிவ் பக்கம் உதிர்ந்துபோனதாகவோ இருக்கும். அந்த பேட்டரியில் எதையும் ஊற்ற வேண்டாம், பழைய ஈயத்தை உருக்கி எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஆறு செல்லின் அடர்த்தியையும் அளந்தபிறகு இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.